எல்லாரிலும் சிறந்தவர்: எந்த எல்லாரிலும்?

பேஸ்பால் பருவம் முடிந்து மைதானங்கள் பனியில் கிடக்கும் மாதங்களில் அமெரிக்க விளையாட்டு எழுத்து தன் பழைய தொழிலுக்குத் திரும்பும். ஒவ்வோர் அணிக்கும் ‘எல்லாக் காலத்துக்குமான’ சிறந்த வீரர்களை, ஓர் இடத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் தேர்ந்தெடுப்பதே அத்தொழில். எண்கள் அடுக்கப்படும், ஒப்பிடப்படும், பட்டியல் வெளிவரும். இதில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, எண்களே பேசுகின்றன என்று பட்டியல்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கூற்று பொய். பாஸ்டன் நகரின் ரெட் சாக்ஸ் அணிக்கு வகுக்கப்படும் பட்டியலை எடுத்துக்கொண்டால், பொய்யின் முழு அளவும் தெரியும்.

மொழியியலின் எளிய பாடம் ஒன்று இங்கே பயன்படும். தமிழில் மிகைநிலையைக் காட்டத் தனி விகுதி கிடையாது. ‘எல்லாரிலும் சிறந்தவர்’ என்று ஒப்பிடப்படும் கூட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொன்ன மறுகணமே, எந்த எல்லாரிலும் என்ற கேள்வி எழுந்துவிடும். ஆங்கிலத்தில் ஒற்றை மிகைநிலைச் சொல் அக்கூட்டத்தை மறைத்துக்கொள்ள இடம் தருகிறது. கூட்டம் எது, அதை வகுத்தவர் யார் என்று சொல்லாத மிகைநிலை பாதி வாக்கியமே. விளையாட்டுப் பட்டியல்கள் அந்தப் பாதி வாக்கியத்தை முழுத் தீர்ப்பாக விற்கின்றன.

ஆட்டத்தை அறியாதவர்க்கு ஒரு குறிப்பு. பேஸ்பாலில் தடுப்பாட்டக்காரர் ஒன்பது பேருக்கும் பெயருள்ள இடங்கள் உண்டு. பந்தை எறிபவர் பிட்சர், குந்தி அமர்ந்து அதை வாங்குபவர் கேட்சர். முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் காவலர்களோடு ஷார்ட்ஸ்டாப்பையும் சேர்த்து உட்களத்தில் நால்வர். வெளிக்களத்தில் இடது, நடு, வலது என மூவர். ரெட் சாக்ஸுக்கு வழக்கமாக வெளிவரும் பட்டியலில் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க், முதல் பேஸ் ஜிம்மி ஃபாக்ஸ், இரண்டாம் பேஸ் பாபி டோர் அல்லது டஸ்டின் பெட்ராய்யா, மூன்றாம் பேஸ் வேட் பாக்ஸ், ஷார்ட்ஸ்டாப் ஜோ க்ரோனின் அல்லது நோமார் கார்சியபாரா. வெளிக்களத்தில் டெட் வில்லியம்ஸ், டிரிஸ் ஸ்பீக்கர், டுவைட் எவன்ஸ். மட்டையாட மட்டும் இறங்குபவராக டேவிட் ஓர்டீஸ். பிட்சர் இடத்தில் சை யங், ரோஜர் கிளெமன்ஸ், பெட்ரோ மார்ட்டீனஸ் மூவருக்குமிடையே முடிவுறாத வழக்கு.

முதற்குறை பட்டியலின் கட்டங்களிலேயே இருக்கிறது. 1940 முதல் 1960 வரை இடது வெளிக்களம் வில்லியம்ஸுடையது. 1961இல் அங்கே வந்தவர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. அவர் இந்த ஒரே அணிக்கு 23 பருவங்கள் ஆடி 3,419 ஹிட்டுகள் எடுத்தார். அவருக்குப் பின் ஜிம் ரைஸ். மூவரும் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். ஓர் இடத்துக்கு ஒருவர் என்ற விதியால் யஸ்ட்ரெம்ஸ்கி வெளியே நிற்கிறார்; புகழ் மண்டபம் ஏற்காத எவன்ஸ் வலப்புறத்தில் உள்ளே வருகிறார். எவன்ஸ் எட்டுத் தங்கக் கையுறை விருதுகள் பெற்ற அருமையான வீரர், தவறு அவருடையதன்று. ஆனால் பட்டியல் தகுதியை மட்டும் அளக்கவில்லை. ஒருவர் எந்த இடத்தில், யாருக்குப் பின்னால் வந்து நின்றார் என்ற தற்செயலையும் சேர்த்தே அளக்கிறது.

கட்டங்களும் நிலையானவை அல்ல. மட்டையாட மட்டும் இறங்கும் ஆட்டக்காரர் என்ற இடத்தை அமெரிக்கன் லீக் 1973இல்தான் உருவாக்கியது. அதற்கு முன் ஓர்டீஸ் அமர்வதற்குக் கட்டமே இல்லை. மறுபுறம், 1914 முதல் 1919 வரை பாஸ்டனுக்கு ஆடிய பேப் ரூத் 1916இல் பிட்சராக 23 ஆட்டங்களை வென்றார். 1919இல் மட்டையாளராக 29 ஹோம் ரன் அடித்து அன்றைய சாதனையை முறியடித்தார். எந்த ஒற்றைக் கட்டத்திலும் முழுமையாக அடங்காததால், ஆட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய பெயர் அவர் முதலில் ஆடிய அணியின் பட்டியலிலிருந்து பெரும்பாலும் நழுவிவிடுகிறது.

இரண்டாங்குறை அளவுகோல். சை யங்கும் கிளெமன்ஸும் பாஸ்டனுக்காக வென்ற ஆட்டங்கள் ஆளுக்கு 192. மார்ட்டீனஸ் வென்றவை 117. மொத்தத்தை எண்ணுபவர் அந்த இருவரில் ஒருவரைச் சொல்வார். ஆனால் மட்டையாளர்கள் பந்தை அரங்குக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்த 2000ஆம் ஆண்டில், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.74 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்தவர் மார்ட்டீனஸ். உச்சத்தை எண்ணுபவருக்கு அவரே முதல்வர். உழைப்பின் நீளத்தை மதிப்பதா, உச்சத்தின் உயரத்தை மதிப்பதா என்பது எண்களால் தீராத கேள்வி. அது விழுமியம் பற்றியது. அதை முன்கூட்டி முடிவுசெய்துவிட்டு, எண்கள் சொல்லின என்று கைகழுவுவது நேர்மையன்று.

இவ்விரண்டையும் விளையாட்டின் சுவை என்று விட்டுவிடலாம். மூன்றாவதை விட முடியாது.

1945 ஏப்ரல் 16 அன்று பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் கறுப்பின வீரர் மூவருக்கு ஒரு தேர்வு நடந்தது. ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்பார் அம்மூவர். அணி தானே விரும்பி அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கான அனுமதியை எதிர்ப்பேன் என்று நகர்மன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக் நெருக்கியதாலும், கறுப்பின இதழாளர் வெண்டல் ஸ்மித் வீரர்களை அழைத்து வந்ததாலும் நடந்தது அது. மூவருக்கும் அதன்பின் எந்த அழைப்பும் வரவில்லை.

அந்த மாதத்தில் அணியின் நிலையைப் பார்க்க வேண்டும். டோர் இராணுவத்தில் இருந்தார். ஷார்ட்ஸ்டாப் ஜானி பெஸ்கி கடற்படையில் இருந்தார். ஆடிக்கொண்டே மேலாளராகவும் இருந்த க்ரோனின், தேர்வு நடந்த சில நாள்களிலேயே கால் முறிந்து ஆட்டவாழ்வை முடித்துக்கொண்டார். ராபின்சன் அந்த ஆண்டு கேன்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ஆடியதோ ஷார்ட்ஸ்டாப் இடத்தில். இடம் காலியாக இருந்தது. இடத்துக்கு உரிய ஆட்டக்காரர் மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்பிய அணியின் ‘எல்லாக் காலத்துக்குமான’ ஷார்ட்ஸ்டாப்பாக இன்று பரிந்துரைக்கப்படும் க்ரோனினே அன்று மேலாளர். பின்பு 1948 முதல் 1958 வரை பொது மேலாளராக அவர் இருந்த காலம் முழுவதிலும் ஒரு கறுப்பின வீரர்கூட அவ்வணிக்காகக் களமிறங்கவில்லை.

ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடத் தொடங்கினார். 1949இல் நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரரானார். ஜெத்ரோ அதே பாஸ்டன் நகரின் மற்றோர் அணியான பிரேவ்ஸுக்கு ஆடி 1950இல் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த வில்லி மேஸை ஒப்பந்தம் செய்யும் வாய்ப்பும் ரெட் சாக்ஸுக்கு வந்தது, அதையும் விட்டுவிட்டது. பம்ப்சி கிரீன் அவ்வணியின் முதல் கறுப்பின வீரராகக் களமிறங்கியது 1959 ஜூலை 21 அன்று. அதற்குள் ராபின்சனின் ஆட்டவாழ்வு தொடங்கி, உச்சம் தொட்டு, முடிந்தும் போயிருந்தது.

காலம் அப்படி, எல்லா அணிகளும் அப்படித்தான் என்பது வழக்கமான சமாதானம். பதினாறு அணிகளில் கடைசியாகக் கதவைத் திறந்த அணிக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. ராபின்சன் வந்த மூன்றே மாதங்களில் கிளீவ்லாந்து அணி லாரி டோபியைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு சேச்சல் பேஜையும் சேர்த்தது. அந்த 1948இல்தான் ரெட் சாக்ஸ் ஒற்றை முடிவாட்டத்தில் அதே கிளீவ்லாந்திடம் தோற்று லீக் பட்டத்தை இழந்தது. 1949இல் கடைசி நாளில், ஓர் ஆட்ட வித்தியாசத்தில் மீண்டும் இழந்தது. 1918க்குப் பின் அடுத்த உலகத் தொடருக்காக 86 ஆண்டுகள் காத்திருந்ததற்கு ரூத்தை விற்றதன் சாபம் என்று கதை கட்டினார்கள். சாபம் என்பது வசதியான சொல். அதற்குப் பொறுப்பாளர் எவரும் தேவையில்லை.

அடுத்த மறுப்பு கூர்மையானது. பட்டியல் என்பது சட்டையை அணிந்தவர்களுக்கானது. அணியாத ராபின்சனை எப்படிச் சேர்ப்பது? சேர்க்க வேண்டாம். நடக்காததை நடந்ததாக எழுதினால் அணியின் குற்றத்துக்கு அதுவே வெள்ளையடிப்பாகும். கேட்கப்படுவது வேறு. தகுதி இருந்தும் வாசலிலேயே தடுக்கப்பட்டவர்கள் உண்டு என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே சொல்லுங்கள். இன்று அதே பட்டியலைத் தாங்கி நிற்கும் மார்ட்டீனஸும் ஓர்டீஸும் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த கறுப்பினத்தவர். அரை நூற்றாண்டு முன்பு பிறந்திருந்தால் இருவருக்கும் அந்தச் சட்டை மறுக்கப்பட்டிருக்கும். அவர்களையும் க்ரோனினையும் ஒரே வரிசையில் நிறுத்தி ‘எல்லாக் காலமும்’ என்று பெயரிடுவது, எல்லாக் காலத்திலும் விதி ஒன்றாகவே இருந்ததுபோலக் காட்டுகிறது.

இது வில்லியம்ஸின் பெருமையைக் குறைக்கும் முயற்சி என்று பதறுவோர் வில்லியம்ஸையே கேட்கலாம். 1966இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட நாளில், தம்மைப் புகழ்ந்துகொள்ளக் கிடைத்த மேடையில், பேஜ், ஜாஷ் கிப்சன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, வாய்ப்பு மறுக்கப்பட்டதாலேயே அவர்கள் அங்கு இல்லை என்று சுட்டிக்காட்டினார். பேஜ் 1971இலும் கிப்சன் 1972இலும் சேர்க்கப்பட்டனர். கிப்சன் அதைக் காணவில்லை. ராபின்சன் டாட்ஜர்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடுவதற்கு மூன்று மாதம் முன்பே, 35 வயதில் இறந்துபோயிருந்தார். பட்டியலில் முதலிடத்தில் இருந்தவருக்கே பட்டியலின் ஓட்டை தெரிந்திருந்தது. அவர் பெயரால் பட்டியல் போடுவோர்க்குத் தெரியாமல் இருக்க முடியாது.

வெறும் பொழுதுபோக்குக்கு இத்தனை சீற்றம் ஏன் என்பது கடைசி மறுப்பு. பெரும்பாலோர் விளையாட்டின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து கற்பதில்லை, பட்டியல்களிலிருந்தே கற்கிறார்கள். பட்டியலில் இல்லாதவர் இல்லாதவராகவே ஆகிவிடுகிறார். இந்தியாவில் ‘எல்லாக் காலத்துக்குமான’ கிரிக்கெட் அணி பெரும்பாலும் 1932இல், முதல் டெஸ்டோடு தொடங்குகிறது. 1911இல் இங்கிலாந்து சென்ற அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர், தலித் சமூகத்தவரான பல்வங்கர் பாலூ. இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை மறுக்கப்பட்டது. எல்லைக்கோட்டை 1932இல் போட்டதால் அவர் பெயர் போட்டிக்கே வருவதில்லை. கோட்டைப் போட்டவர்கள் தீய எண்ணத்தோடு போட்டிருக்க வேண்டியதில்லை. விளைவு ஒன்றுதான்.

பட்டியலைத் திருத்த முடியும் என்பதற்கும் சான்று உண்டு. நீக்ரோ லீக்குகள் என அன்று அழைக்கப்பட்டவற்றின் 1920 முதல் 1948 வரையிலான ஆட்டங்களை, முதல்தர லீக் ஆட்டங்களாக 2020இல் மேஜர் லீக் பேஸ்பால் ஏற்றது. 2024 மே மாதம் அந்த எண்கள் அதிகாரபூர்வ ஏடுகளில் சேர்ந்தன. வாழ்நாள் மட்டைச் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்க, 0.372 சராசரியோடு கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். வானம் இடிந்து விழவில்லை.

ரெட் சாக்ஸ் பட்டியலையும் திருத்தலாம். 1959ஐக் கோடாகக் கொண்டு அதை இரண்டாகப் பிரிப்பதே நேரிய வழி. கதவு மூடியிருந்த காலத்துக்கு வில்லியம்ஸ், ஃபாக்ஸ், டோர், க்ரோனின், ஸ்பீக்கர், யங் இருக்கட்டும். யாரை வெளியே நிறுத்திவிட்டு இவர்கள் ஆடினார்கள் என்ற வரி மேலே இருக்கட்டும். கதவு திறந்த காலத்துக்கு ஃபிஸ்க், மோ வான், பெட்ராய்யா, பாக்ஸ், கார்சியபாரா, ஃப்ரெட் லின், எவன்ஸ், மார்ட்டீனஸ், ஓர்டீஸ். அங்கே இடது வெளிக்களம் காலியாக இருக்கும். யஸ்ட்ரெம்ஸ்கி தமக்குரிய இடத்தில் வந்து நிற்பார். உண்மையைச் சொல்வதால் பட்டியல் எவரையும் இழக்கவில்லை. இதுவரை வெளியே நின்ற ஒருவரைப் பெற்றிருக்கிறது.

இனி எவரேனும் ‘எல்லாக் காலத்துக்குமான சிறந்த அணி’ என்று எழுதினால், தலைப்புக்குக் கீழே மூன்று விவரங்களைக் கேளுங்கள்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த அளவுகோலால், யாருக்கு அனுமதி இருந்தபோது. மூன்றும் இல்லையென்றால் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.