தூங்கும் லேப்டாப்பை ஊரிலிருந்து எழுப்பலாமா?



பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவரின் இதயச் சிகிச்சைக்காகக் குடும்பமே பெங்களூருக்குப் போயிருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. பழைய எக்கோ ரிப்போர்ட், மருந்துப் பட்டியல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு எல்லாமே வீட்டு லேப்டாப்பில். அதுவோ மூடி வைத்தபடி தூங்குகிறது. "எங்க பக்கத்துக் காட்டுக்காரர் ஓசூர்ல இருந்துகிட்டே செல்போன்ல மோட்டார் போடறார். என் லேப்டாப்பை மட்டும் இங்கிருந்து எழுப்ப முடியாதா அக்கா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. பதிலும் அந்த மோட்டாரிலேயே இருக்கிறது. நம் தர்மபுரி மாவட்டத்தில் ராத்திரி வரும் மும்முனை மின்சாரத்துக்காகப் பாம்புக்குப் பயந்துகொண்டே கிணற்றடிக்கு நடந்தவர்கள் எத்தனை பேர்! செல்போன் ஸ்டார்ட்டர் வந்த பிறகு அந்த நடை குறைந்தது. அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் கொடுத்திருக்கிறது. மோட்டார் தூங்கலாம், ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு தூங்குவதில்லை. உங்கள் அழைப்பை அது கேட்டுத்தான் மோட்டாரைத் தட்டி எழுப்புகிறது. தூங்குகிறவரை எழுப்ப, வீட்டில் விழித்திருக்கும் ஒருவர் வேண்டும். இதுதான் சூட்சுமம்.

லேப்டாப்பை மூடியதும் அது ஸ்லீப் நிலைக்குப் போகிறது. திரையும் மூளையும் ஓய்ந்து, ஞாபகப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். நீங்கள் தொலைவிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. கும்பகர்ணனை எழுப்பத் தாரை தப்பட்டை வைத்ததுபோல இதற்கும் ஒரு வழி உண்டு. 'வேக் ஆன் லேன்' என்று பெயர். 1990களில் வந்தது. இயந்திரத்தின் தனி முகவரியை 16 தடவை சொல்லிக் கூப்பிடும் ஒரு சின்னச் செய்திதான் அது. ஆனால் அந்தக் கூப்பாடு வீட்டுச் சுவருக்குள் ஒலிக்கத்தான் ஏற்பட்டது. கேபிள் செருகிய மேஜைக் கம்ப்யூட்டருக்குச் சரி. வைஃபையில் இருக்கும் லேப்டாப் பெரும்பாலும் எழுந்திருக்காது.

பெங்களூரிலிருந்து கூப்பிட்டால் இன்னொரு தடை. வீட்டு வாசலில் ரவுட்டர் என்ற காவல்காரன் நிற்கிறான். உள்ளே இருப்பவர் கேட்டு வரவழைத்ததைத்தான் விடுவான். வெளியாள் தானாக வந்து தட்டினால் திருப்பி அனுப்பிவிடுவான். அதோடு, பல இணைப்புகளில் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கடிதம் ஊர் வரை வரும், வீடு தெரியாது! ரவுட்டரில் கதவைத் திறந்து வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். உங்களுக்குத் திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததுதான்.

ஆகவே, எதையும் ஏற்பாடு செய்யாமல் கிளம்பிவிட்டால் அநேகமாக எழுப்ப முடியாது. கிளம்பும் முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, தூங்க விடாதீர்கள். விண்டோஸ் அமைப்புகளில் 'பவர்' பகுதிக்குப் போய், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள். மூடியை மூடினால் 'ஒன்றும் செய்யாதே' என்றும் மாற்றுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை. லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைக்காமல் காற்றோட்டமான மேஜைமேல் வையுங்கள். பாட்டரி உப்பியிருந்தால் இந்த ஏற்பாடே வேண்டாம். கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும். அதற்கென்று கிடைக்கும் சின்ன யு.பி.எஸ். உதவும்.

இரண்டாவது, 'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்' போன்ற செயலியைப் போட்டு, யாரும் ஊகிக்க முடியாத ரகசிய எண் கொடுங்கள். இது இலவசம். உள்ளிருந்து லேப்டாப்பே வெளியே தொடர்பு கொண்டு காத்திருப்பதால் காவல்காரன் தடுக்கமாட்டான். கூகுள் கணக்குக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பும் அவசியம்.

மூன்றாவது, ஒத்திகை பாருங்கள். செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் கொல்லைப்புறம் போய் நின்று முயலுங்கள். அங்கே கிடைத்தால் பெங்களூரிலும் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே மாதிரிச் செயலியை வைத்துத்தான் மோசடிக்காரர்கள் பணத்தை உருவுகிறார்கள். 'எனிடெஸ்க்' செயலியைப் போடச் சொல்லி ஏமாற்றுவது பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. "பேங்கிலிருந்து பேசறேன், இந்த ஆப்பைப் போடுங்க, வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

சரி, பாலக்கோட்டுச் சகோதரி இப்போது என்ன செய்வது? நம்பகமான உறவுக்காரர் கையில் சாவி இருந்தால், அவரை விட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், முன்பு பார்த்த மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி, உள்நோயாளியின் குறிப்புகளை டாக்டர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். நினைவிலிருந்து மருந்துப் பெயரை ஊகித்துச் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிருக்கு வேண்டிய காகிதத்தை ஒரே இடத்தில் தூங்க விடாதீர்கள். ஒரு நகல் கைப்பையில், ஒரு படம் செல்போனில், ஒன்று வீட்டில் என்று மூன்றாக வையுங்கள். மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒத்துக்கொள்ளாத மருந்தைச் சிவப்பு மையில் கோடிடுங்கள். அந்தத் தாளுக்குச் சார்ஜும் வேண்டாம், நெட்வொர்க்கும் வேண்டாம்!