கண் சொட்டு மருந்தில் வந்த கிருமி... ஆன்டிபயாட்டிக் கேட்காமல் போவது ஏன்?

சென்னை அருகே தயாரான கண் சொட்டு மருந்து ஒன்று 2023 பிப்ரவரியில் அமெரிக்க சந்தையில் இருந்து திரும்பப் பெறப்பட்டது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஒரு பாக்டீரியாதான் காரணம்.

என்ன நடந்தது?

குளோபல் பார்மா ஹெல்த்கேர் தயாரித்து, ‘எஸ்ரிகேர்’ உள்ளிட்ட பெயர்களில் விற்பனையான செயற்கைக் கண்ணீர் அது. அமெரிக்காவின் நோய் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 18 மாநிலங்களில் 81 பேரிடம் ஒரே வகை ‘சூடோமோனாஸ்’ கிருமியைக் கண்டறிந்தது. அவர்களில் பெரும்பாலானோர் செயற்கைக் கண்ணீர் பயன்படுத்தியவர்கள். 4 பேர் இறந்தனர், 14 பேருக்கு பார்வை போனது, 4 பேருக்கு கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று.

இது என்ன கிருமி?

சூடோமோனாஸ் தண்ணீர், மண், சிங்க் குழாய் என ஈரம் உள்ள இடமெல்லாம் இருக்கும். ஆரோக்கியமாக இருப்பவரை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர், தீக்காயம் பட்டவர், ஐசியுவில் வென்டிலேட்டர் அல்லது சிறுநீர் டியூப் பொருத்தப்பட்டவர் என்றால் சமயம் பார்த்து தாக்கும். அதனால்தான் இதற்கு ‘சந்தர்ப்பவாதக் கிருமி’ என்று பெயர்.

மருந்து ஏன் கேட்கவில்லை?

அந்தக் கிருமி சுரக்கும் விஐஎம், ஜிஇஎஸ் என்ற நொதிகள், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்தையே உடைத்துவிடும். பலர் நினைப்பது போல மருந்துக்குப் பழகிப்போவது நம் உடம்பு அல்ல, கிருமிதான். தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் போடும்போது பலவீனமான கிருமிகள் சாகும். தப்பியவை பெருகும், அந்தத் திறனை மற்ற கிருமிகளுக்கும் கடத்தும்.

அப்போ சிகிச்சையே இல்லையா?

இருக்கு. முதல் வேலை கல்ச்சர் டெஸ்ட். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அது சொல்லும். டியூப் வழியாகத் தொற்று வந்திருந்தால் அதை எடுப்பதோ மாற்றுவதோ சிகிச்சையின் ஒரு பகுதி. மேலே சொன்ன கிருமி, ஆய்வகச் சோதனையில் செஃபிடெரோகால் என்ற புது மருந்துக்கு அடங்கியது. கிருமிக்குத் தேவையான இரும்புச்சத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையும் மருந்து இது. பழைய மருந்தான கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் டாக்டர்கள் தயங்கியே கொடுப்பார்கள்.

சென்னையின் ஆர்க்கிட் பார்மா கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபிம் மருந்துடன் சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆனால் இஎஸ்பிஎல் வகை நொதிகளைத்தான் அது தடுக்கும், விஐஎம் நொதியை அல்ல. எல்லா கிருமிக்கும் ஒரே மருந்து கிடையாது.

நாம் என்ன செய்யணும்?

பனமலையோ சென்னையோ, ‘சளிதானே, ரெண்டு மாத்திரை கொடுங்க’ என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்பதை நிறுத்தணும். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு கட்டாயம். வீரியமான பல ஆன்டிபயாட்டிக்குகள் 2014 முதல் எச்1 பட்டியலில் உள்ளன. அவற்றை யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன நாள் வரை மாத்திரை போடுங்க. மிச்சமானதை அடுத்தவருக்குக் கொடுக்காதீங்க. இன்று வீணாகப் போடும் மாத்திரை, நாளை ஐசியுவில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவருக்குக் கேட்காமல் போகலாம்.