சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்

நாய்ஸ் இசையை வெறுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. "இதெல்லாம் ஒரு மியூசிக்கா? மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு" என்கிறவர் நேர்மையாகத்தான் சொல்கிறார். மிக்ஸி மாதிரியும் இருக்கிறது, உண்மைதான். என் சண்டையெல்லாம் அதன் ரசிகர்களோடு. "முழு ஆல்பத்தையும் ஃபுல் வால்யூம்ல கேட்டேன் மச்சி" என்பதில் இசை எங்கே இருக்கிறது? தீ மிதித்தவன்கூட இவ்வளவு பீற்றிக்கொள்வதில்லை.

மெர்ஸ்பவ்வையே எடுத்துக்கொள்வோம். டோக்கியோவைச் சேர்ந்த மசாமி அகிதா 1979இல் தொடங்கிய ஒருநபர் முயற்சி. பெயர், ஜெர்மன் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸின் 'மெர்ஸ்பாவ்' என்ற படைப்பிலிருந்து வந்தது. ஷ்விட்டர்ஸ் தன் வீட்டுக்குள்ளேயே, கைக்குக் கிடைத்த பொருட்களையெல்லாம் சேர்த்து வருடக்கணக்கில் கட்டிக்கொண்டே போனது அது. ஆக, பெயரிலேயே இருப்பது கட்டுகிற வேலை. நம் ஆட்களுக்குத்தான் எப்போதும் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

1996இல் வந்த 'பல்ஸ் டீமன்' ஆல்பத்தை முதல்முறை போட்டபோது இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். சுவர். அவ்வளவுதான். அடுத்த முறை கேட்டது ஒரு ராத்திரி, பக்கத்து அறையில் ஆள் தூங்கிக்கொண்டிருந்ததால் ஒலியை ஃப்ரிட்ஜ் சத்தத்தின் அளவுக்குக் குறைத்து. அப்போதுதான் சுவர் பிரிந்தது. அடியில் ஏதோ ஒன்று துடிக்கிறது. அதற்கு மேலே தகரத்தை உரசுவது போல ஒன்று. இன்னும் மேலே, பூச்சிக் கூட்டம் மாதிரி கிறீச்சிட்டு, திடீரென்று திசை மாறுகிற ஒன்று. முதல் துண்டின் பெயரே 'உட்பெக்கர் நம்பர் 1'. மரங்கொத்தி! பெயர் வைத்தவர் காதில் ஒரு பறவை இருந்திருக்கிறது. "மூளையை உடைக்கும்" என்று எழுதித் தள்ளுகிறவர்கள் யாரும் அந்தப் பறவையைச் சொல்லவே இல்லை.

தோஷிமாரு நகமுரா என்றொருவர் இருக்கிறார். மிக்ஸர் பலகையில் கித்தாரோ மைக்கோ எதையும் செருகமாட்டார். அதன் வெளிவழியையே உள்வழியோடு இணைத்துவிடுவார். தன் வாலைத் தானே கடித்த அந்தச் சுற்று பாட ஆரம்பிக்கும். குமிழை ஒரு மயிரிழை திருகினால் வேறு உலகம். வாசிப்பவரும் நம்மைப் போலவே, அடுத்து என்ன வருமென்று காத்திருந்து கேட்கிறார். பல இடங்களில் இது மூச்சுவிடும் அளவுக்கு மெல்லிய இசை. இதை எந்த வீரப்பதக்கக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அடுத்தது, "இது கலகம்" என்கிற பேச்சு. 1913இல் இரைச்சலின் கலை என்று அறிக்கை எழுதிய லூயிஜி ருஸ்ஸோலோ, போரைக் கொண்டாடிய எதிர்காலவாதக் கூட்டத்துக்காரர். இரைச்சல் தன்னளவில் யார் பக்கமும் இல்லை. 'இன்கபாசிடன்ட்ஸ்' இரட்டையரில் தோஷிஜி மிகாவா வங்கியில் வேலை பார்த்தவர். லூ ரீட் 1975இல் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்'கைக்கூட, கம்பெனியைப் பழிவாங்கச் செய்த குறும்பு என்று சொல்லித்தான் மன்னிக்கிறார்கள். குறும்பாம்! 2002இல் பெர்லினில் 'ஸைட்க்ராட்ஸர்' குழு அதை ஸ்வரக்குறிப்பாக எழுதிவைத்து, வயலின் போன்ற வாத்தியங்களில் வாசித்தது. ரீடும் மேடையேறினார். வெறும் கோபத்தை இப்படி உட்கார்ந்து குறிப்பெடுக்க முடியுமா?

அகிதா மேடையில் பயங்கரச் சத்தமாகத்தான் வாசிப்பார், மறுக்கவில்லை. அந்த அதிர்வு வயிற்றில் இறங்குவது தனிச் சுகம், எனக்கும் தெரியும். தெரிந்ததற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். ஒரு சின்ன அறையில் நடந்த நிகழ்ச்சியில் காதடைப்பான் வைத்திருந்தேன். "அப்புறம் எதுக்கு வந்தே?" என்று சிரித்தார்கள். வெட்கப்பட்டுக் கழற்றினேன். அன்று முதல் என் வலது காதில் ஒரு மெல்லிய ஊசிக் கீச்சு. எந்தக் குமிழைத் திருகினாலும் குறையாது. மெர்ஸ்பவ்வின் மேல்தட்டு ஒலிகளில் எது அவருடையது, எது என்னுடையது என்று இப்போதெல்லாம் சில நேரம் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

எனவே இன்றிரவு 'பல்ஸ் டீமன்' போடுகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து, தெருவில் பைக் போனால் காதில் விழும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள். மரங்கொத்தி கொஞ்ச நேரத்தில் வரும்.