மின்னூல் படைக்கட்டும் நாஞ்சில் நாடு!

தொல்காப்பியத்தைக் கேட்டாய்ந்து ஏற்ற அதங்கோட்டாசான் குமரி மாவட்டத்து அதங்கோட்டினர் என்பது நாஞ்சில் நாட்டு மக்களின் நெடுநாள் நம்பிக்கை. தமிழெழுத்தின் முறைமையைத் தமிழனே வகுத்தான், தமிழவையே ஒப்பியது. இன்றோ மின்னூலில் தமிழெழுத்து எவ்வாறு அமைதல் வேண்டுமென்பதைப் பிறர் வகுக்கின்றனர். தமிழர் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்து மகிழ்கின்றனர்!

1991இல் வந்த ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. தேவநாகரியை ஒட்டி இந்திய அரசு அமைத்த குறியீட்டு முறையே அதற்கு அடிப்படை. மெய்யின்மேல் உயிரேறி உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். ஒருங்குறியிலோ ‘க’ முதற்குறி. அதனோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’ பிறக்கும். மகள் வயிற்றில் தாய் பிறந்த கதை இது! 247 எழுத்துக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழக அரசு ஏற்றது 2010இல்தான். அதற்குள் உலகக் கணிப்பொறிகளில் ஒருங்குறி வேரூன்றிவிட்டது. உறங்கியோர் இழந்தது இது.

அதே 2010இல் 26 கிரந்த எழுத்துகளைத் தமிழோடு பிணைக்க ஒரு முன்மொழிவு எழுந்தது. தமிழறிஞரும் இயக்கங்களும் கொதித்தெழுந்தனர். தமிழக அரசும் எதிர்த்தது. முயற்சி நின்றது. விழித்தோர் வென்றது இது.

ஆயின் எதிர்ப்பு மட்டும் போதுமா? போதாது! படைப்போனுக்கே அவையில் குரலுண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கலியாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது தட்டச்சிட்டனர், பிழை திருத்தினர், கழக நூல்களையும் பிறவற்றையும் உலகுக்கு விலையின்றி அளித்தனர்.

1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குருதி சிந்தி, 1956இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண் இதில் பின்தங்கலாமா? தேரூர்க் கவிமணி மறைந்தது 1954இல். இடலாக்குடிச் செய்குத்தம்பிப் பாவலர் மறைந்தது 1950இல். மறைந்து 60 ஆண்டு கடந்தமையால், அவர்கள் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களை இன்று எவரும் தடையின்றிப் பதிப்பிக்கலாம். வில்லுப்பாட்டு ஏடுகளைக் கறையான் தின்னுமுன் படியெடுக்கலாம்.

பக்கங்களைப் படம்பிடித்து அடுக்குவது காப்பு. அது நூலாக்கம் ஆகாது. வெறும் படத்துள் சொல்லைத் தேட இயலாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் பொறியும் அதன்முன் வாய்மூடும். பழைய தனி எழுத்துருவில் அடித்ததோ, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் வெறுங்கிறுக்கல். ஒருங்குறி குறையுடையதே, எனினும் இன்று உலகெங்கும் செல்வது அதுவே. அதில் எழுதிக்கொண்டே அதன் குறை தீரப் போராடுவதுதான் அறிவுடைமை.

நாஞ்சில் இளைஞரே! ஆளுக்கொரு நூல் எடுப்பீர். நாளுக்கு ஒரு பக்கம் தட்டச்சிடுவீர். ஒருவர் அடித்ததை மற்றொருவர் ஒப்பிட்டுத் திருத்துவீர். எல்லார்க்கும் பொதுவென வழங்குவீர். ஏட்டைக் கறையான் தின்றது என்பர். கறையான் தின்றது பாதி. தமிழனின் சோம்பல் தின்றது மீதி. மின்னேட்டையும் அச்சோம்பலுக்கு இரையாக்காதீர்!