லட்ச ரூபாய் இருந்தால்தான் எம்.டெக்கா?

"மேற்படிப்புக்குப் போறியா? ஐ7, கிராபிக்ஸ் கார்டு, லட்ச ரூபாய்க்குக் குறையாம லேப்டாப் வாங்கு. மலிவா வாங்கினா ரெண்டே வருஷத்துல தூக்கிப் போடணும்."

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்து, பி.டெக் தாண்டி, சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்கு எம்.டெக் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு இந்த உபதேசம் பல வருடமாகக் கிடைத்துவருகிறது. கடைக்காரரும் சொல்கிறார், வெளிநாட்டு மாமாவும் சொல்கிறார். கேட் தேர்வு எழுதிச் சேர்ந்தவருக்கு மாத உதவித்தொகை 12,400 ரூபாய். லட்ச ரூபாய் என்பது எட்டு மாத உதவித்தொகை. அம்மாவின் நகை அடகுக்குப் போவது இந்த உபதேசத்தால்தான்.

"பழைய மெஷின் உழைக்காது." அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் நாள் முழுக்க உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை.

"கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்." ஆய்வேடு தட்டச்ச அது எதற்கு?

"மென்பொருளுக்கே தனியாகக் கொட்டணும்." லாடெக், பைத்தான், ஸோட்டெரோ, லிப்ரே ஆபிஸ் எல்லாமே இலவசம்.

"ஆராய்ச்சிக்கு அசுர வேகம் வேண்டும்." இதைச் சொல்கிறவர்கள் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்று பார்த்ததே இல்லை. சுட்டெடுத்த பீங்கான் மாதிரியை படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி கருவியில் வைத்து, 10 டிகிரி முதல் 80 டிகிரி வரை 0.02 டிகிரி இடைவெளியில் அளந்தால் கிடைப்பது 3,501 வரி எண்கள். நூறு கேபிகூடத் தேறாத கோப்பு அது. அதை அலசும் புரொஃபெக்ஸ் இலவசம். நுண்ணோக்கிப் படத்தில் மணிகளின் அளவெடுக்கும் இமேஜ்ஜேயும் இலவசம். இரண்டும் சாதாரண மெஷினிலேயே ஓடும். அணு அளவிலான பெருங்கணக்கோ எந்த லட்ச ரூபாய் லேப்டாப்பிலும் அடங்காது. இத்தகைய பெருங்கணக்குகளுக்காகத்தான் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் பரம் பொருள் மீக்கணினியைத் திறந்தார்கள். அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அத்தகைய கணினிக்கு வேலையை அனுப்ப ஒரு கட்டளைச் சாளரமும் இணையமும் போதும். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பொம்மை வார்த்த சிறு பட்டறைக்காரர்கள் ஆளுக்கொரு சூளையா கட்டினார்கள்? பொதுச் சூளையில் கொடுத்துச் சுட்டார்கள்.

பழையது வாங்குகிறவர் ஒன்றைப் பார்த்தால் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11 ஏற்கும் மெஷினாக, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல், எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

மிச்சமாகும் பணத்துக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மாதிரியையும் சோதிக்கக் கருவி மையங்கள் கட்டணம் கேட்கும். ஆய்வேட்டின் தரத்தைத் தீர்மானிப்பது அந்தச் சோதனைகள்தான்; பெற்றோர் கடன்பட்டே ஆகவேண்டுமென்றால் அதற்குப் படட்டும்.