பார்வை பட்ட இடம்



சென்ற இதழின் மெய்ப்பை நாங்கள் மூன்று பேர் படித்து முடித்திருந்தோம். நான்காவதாகக் கையில் வாங்கிய தோழி, வரியின் கீழ் ஸ்கேலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்ந்தவர், தலைப்பிலேயே ஒரு துணைக்கால் விடுபட்டிருப்பதைக் காட்டினார். அத்தனை பெரிய எழுத்து. எங்கள் மூவர் கண்ணும் அதன் மேல் போகாமலா இருந்திருக்கும்?

2013-இல் வெளியான ஓர் ஆய்வு அன்றிலிருந்து மனத்தைவிட்டு அகலவில்லை. அமெரிக்காவில் டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் மூவரும் செய்தது. 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசி ஸ்கேனில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி வைத்திருந்தார்கள். வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் காணவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே பதிந்ததைக் கண்ணசைவுக் கருவி பதிவு செய்திருந்தது.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டியைத் தேடும் மனம் கொரில்லாவை எதற்குத் தேடும்? ஆனால் ஸ்கேன் அறிக்கைக்காக வெளியே பெஞ்சில் காத்திருப்பவரை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

பார்வை எங்கே நின்றது என்பதைத்தான் கேமரா சொல்லும். மனத்தில் பட்டதா என்பதற்கு மூளையைத்தான் கேட்க வேண்டும். தேடிய பொருள் கிடைத்ததும், ஏறக்குறைய நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குப் பிறகு, மூளையின் மின்னலையில் ஓர் எழுச்சி தெரியும். 1965-இல் சாமுவேல் சட்டன் குழுவினர் விவரித்த இதற்கு பி300 என்று பெயர்.

அதைப் பதிவதில் சிக்கல் கண்ணிலேயே இருக்கிறது. விழி ஒரு குட்டி பேட்டரி; முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். அது அசைந்தால் எழும் மின்சாரத்தில் மூளையின் மெல்லிய சமிக்ஞை மூழ்கிவிடும். அதனால் வெகுகாலம், திரையின் நடுவிலுள்ள கூட்டல் குறியைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்லித்தான் சோதித்தார்கள். கண்ணை நகர்த்தாமல் யார் எதைத் தேடுகிறோம்? இயல்பாகத் தேடும்போது நொடிக்கு மூன்று, நான்கு முறை கண் தாவுகிறது.

இப்போது கண்ணசைவு, மூளையலை இரண்டையும் ஒரே கடிகாரத்தில் இணைத்துப் பதிகிறார்கள். கண் ஓரிடத்தில் இறங்கும் ஒவ்வொரு கணத்திலிருந்தும் மூளையலையை வெட்டியெடுத்து, விழியின் மின்சாரத்தைக் கணக்கிட்டுக் கழித்து, நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சராசரி காண்கிறார்கள். தேடியதைக் கண்டுகொண்ட பார்வையும் கடந்துபோன பார்வையும் அங்கே தனித்தனி அலையாகப் பிரிகின்றன.

இதைப் பற்றிய விரிவான கட்டுரை இந்த இதழில் வருகிறது. தோழி ஸ்கேல் வைத்துப் படித்துத் தந்த மெய்ப்பு அது. படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்