கேக் கடை வழியே வந்த கிறிஸ்துமஸ்

டிசம்பர் 24 மாலை. ஜப்பானிய நகரங்களில் கே.எஃப்.சி. கடைகளின் முன்னே வரிசை நீள்கிறது. வாசலில் நிற்கும் நிறுவனர் கர்னல் சாண்டர்ஸ் சிலைக்குச் சிவப்புத் தொப்பியும் அங்கியும் மாட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கியிருக்கிறார்கள். வரிசையில் நிற்கும் பலர் பல வாரங்களுக்கு முன்பே பணம் கட்டிப் பதிவுசெய்தவர்கள். கோழி வறுவல் நிரம்பிய வாளியை வாங்கிக்கொண்டு, அப்படியே கேக் கடைக்கும் போவார்கள். மறுநாள் அரசு விடுமுறை கிடையாது. வழக்கம்போல அலுவலகம் உண்டு.

கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 1% மட்டுமே வாழும் நாட்டில் இப்படியொரு கிறிஸ்துமஸ். ‘எல்லாம் விளம்பரத்தின் வேலை’ என்று சொல்லிவிடலாம். 1974இல் ‘கிறிஸ்துமஸுக்கு கென்டக்கி’ என்று கே.எஃப்.சி. நாடு முழுக்க விளம்பரம் செய்தது உண்மைதான். ஆனால், விளம்பரப்படுத்தப்பட்ட எல்லாமே வழக்கமாகிவிடுவதில்லை. இது மட்டும் எப்படி நிலைத்தது?

மூடிய வாசல், திறந்த வாசல்

கிறிஸ்துமஸ் முதலில் மதத்தின் வழியாகவே ஜப்பானுக்குள் வந்தது. நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர், 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கினார். மூன்றே ஆண்டுகளில் யமகுச்சியில் கிறிஸ்துமஸ் திருப்பலி நடந்தது. 1614இல் ஜப்பானை ஆண்ட தோகுகாவா அரசு கிறிஸ்தவத்தை நாடு முழுவதும் தடைசெய்தது. அந்தத் தடை விலக 1873 ஆனது.

இரண்டாம் முறை கிறிஸ்துமஸ் கடைத்தெரு வழியாக வந்தது. 1910இல் யோகோஹாமாவில் தொடங்கப்பட்ட ஃபுஜியா கடை கிறிஸ்துமஸ் கேக்கைப் பரப்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்சம் நீங்கி, வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்த பிறகு, வெள்ளை க்ரீமும் சிவப்பு ஸ்ட்ராபெரியும் வைத்த கேக் எல்லோருக்கும் எட்டியது. வசந்தத்தில் பழுக்க வேண்டிய ஸ்ட்ராபெரியைப் பசுமைக்குடில் விவசாயிகள் டிசம்பருக்கே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே ஒரு விசித்திரமும் நடந்தது. 1926 டிசம்பர் 25 அன்று பேரரசர் தைஷோ மறைந்தார். அவர் நினைவாக 1927 முதல் 1947 வரை டிசம்பர் 25 விடுமுறை நாளாக இருந்தது. துக்க நாளின் ஓய்வில் கொண்டாட்டமும் கொஞ்சம் வேர்பிடித்தது.

காலியாக இருந்த மாலை

குடும்பம், முன்னோர், தெய்வம் எல்லாம் ஜப்பானில் புத்தாண்டின் பொறுப்பு. பிள்ளைகள் ஊர் திரும்புவதும், பௌத்தக் கோயில் மணி 108 முறை ஒலிப்பதும், அடுக்குப் பெட்டியில் ‘ஒசெச்சி’ உணவு பரிமாறப்படுவதும் அப்போதுதான். அந்த இடத்தில் கிறிஸ்துமஸ் கைவைக்கவே இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மாலையைத்தான் அது எடுத்துக்கொண்டது. முதலில் குழந்தைகளும், 1980களில் கையில் காசு புரண்ட இளம் காதலர்களும் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். யமஷிதா தத்சுரோவின் ‘கிறிஸ்துமஸ் ஈவ்’ பாடல் ரயில் விளம்பரத்தில் ஒலித்து, காத்திருக்கும் காதலியின் நாளாகவே அதை மாற்றியது.

கடைத்தெரு கொடுத்த பண்டிகை, கடைத்தெருவின் கணக்கையும் கூடவே கொண்டுவந்தது. 25 வயதைத் தாண்டியும் திருமணமாகாத பெண்ணை அன்று ‘கிறிஸ்துமஸ் கேக்’ என்று கேலி பேசினார்கள்; 25ஆம் தேதிக்குப் பிறகு விலைபோகாதாம். ஜப்பானியப் பெண்களின் சராசரித் திருமண வயது இன்று 29ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கேலிக்கும் உயிர் போய்விட்டது.

ஆகவே, இதை மேற்கின் நகல் என்பது பொருந்தாது. இரவல் வாங்கிய பண்டிகைக்கு ஜப்பானியர்கள் இடத்தை அளந்து கொடுத்தார்கள்; கிளம்பும் நேரத்தையும் சொல்லிவைத்தார்கள். 25ஆம் தேதி இரவே கடை வாசல்களில் கிறிஸ்துமஸ் மரம் இறங்கும். பைனும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய புத்தாண்டு ‘கதோமட்சு’ ஏறும். மறுநாள் காலை உள்ளே நுழைபவரின் கண்ணில் படுவது, பாதி விலைச் சீட்டு ஒட்டிய ஓரிரு கேக்குகள்தான்.